பதினான்காம் எண் கடிதம்

எண்: தூ/13
டூவிபுரம், தூத்துக்குடி
3-12-2024, செவ்வாய்க்கிழமை, காலை 10.25

அன்புள்ள தம்பி நேசக்குமாருக்கு,

நலம்; நலமறிய அவா. உன் தீ/12 எண்ணுள்ள கடிதம் 29-11-2024 வெள்ளி பிற்பகல் 1.10-க்குத் தபால்காரப் பெண் இசக்கிச்செல்வியின் கையால் கிடைக்கப்பெற்றேன். நீ முத்திரையிட்ட நாளிலிருந்து பதினாறு நாள். சென்ற முறை பதினான்கு.

“ஓர்வே தீவு: வரலாறும் இயல்பும்” என்று நான் எழுதிவரும் குறிப்பேடு அறுபத்தொன்றாம் பக்கத்தில் நிற்கிறது. நிற்பதற்குக் காரணம் நீ. தீ/7-இல் 1841-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு 312 பேர் என்றாய். தீ/12-இல் 321 என்கிறாய். எது சரி? வடக்குக் கிராமத்தைக் காலி செய்தது 1853-இலா, 1855-இலா? மேலும், ஊர்க்கூட்டம் “வியாழக்கிழமை, கப்பல் வந்தால்” நடக்கும் என்று எழுதியிருக்கிறாய். கப்பல் வந்தால் என்பது ஒரு தேதி ஆகாது. முப்பத்து மூன்று ஆண்டுகள் அந்தச் சீமைத் தீவில் இருந்து நீயும் அவர்களைப் போல எழுதத் தொடங்கிவிட்டாய்.

இந்தக் குறிப்பேட்டை நான் ஏன் தொடங்கினேன் என்பதை நாம் இருவரும் மறக்கவில்லை. அம்மா காலமானது 11-3-2013 திங்கள். காற்றினால் கப்பல் நான்கு நாளாக ஓடவில்லை, அதனால் வர முடியவில்லை என்றாய். துறைமுகச் சமிக்ஞை நிலையத்தில் முப்பத்தோராண்டு வேலை பார்த்தவன் நான், நம்பவில்லை. 4-11-2022 அன்று தூ/1 எழுதியது, உள்ளபடி சொன்னால், உன் சொல்லைச் சரிபார்க்கத்தான். பிறகு அந்தத் தீவே என்னைப் பிடித்துக்கொண்டது. ஆயினும் அந்த நாட்களுக்கு இதுவரை நீ ஆவணம் எதுவும் அனுப்பவில்லை.

கடைசியாக ஒன்று. நாம் 9-10-2023 அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நினைவூட்டுகிறேன்: விடுபட்ட எண் வந்து சேரும்வரை அடுத்த எண்ணைப் பிரிப்பதில்லை. தீ/5 முந்தி வந்து, தீ/4 பிந்தி வந்து, நான் தலைகீழாகப் படித்துச் சினந்து எழுதி, ஐந்து மாதம் வீணாயிற்று. சமிக்ஞை நிலையத்தில் இதுவே சட்டம். எண் விடுபட்ட செய்தியை வைத்துக்கொண்டு ஒரு கப்பலைக்கூட உள்ளே விட்டதில்லை.

அன்புடன்,
ஜெயசிங்

எண்: தீ/13
ஓர்வே, 21 டிசம்பர் 2024, சனி

அன்புள்ள அண்ணனுக்கு,

312தான் சரி. 321 என் கை செய்த தப்பு. காலி செய்தது 1853. மற்றபடி வருடத்துக்கு இத்தனை கேள்வி கேட்கிறவரை இந்தத் தீவில் யாரும் பார்த்ததில்லை. உங்கள் கடிதம் வந்தால் கப்பல்துறைக்காரர் ஹெக்டர், “அண்ணன் என்ன கேட்கிறார்?” என்று என்னை வழிமறிக்கிறார். எழுபத்தேழு வயதில் உங்களுக்கு இதெல்லாம் ஏன் என்று அவருக்குப் பெரிய ஆச்சரியம்.

வடக்குக் கிராமத்தைப் பற்றி முழுதும் எழுதும்படி முன்பே கேட்டிருந்தீர்கள். நிலத்துக்காரனுக்கு ஆடு வளர்க்க இடம் வேண்டும். இருபத்தாறு குடும்பங்களைக் கனடாவுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தான். திரும்ப வந்துவிடக் கூடாதென்று ஆட்களை விட்டு முதலிலேயே வீட்டுக் கூரைகளைப் பிரித்துவிட்டான். அப்புறம் காற்று. கப்பல் வர ஆறு நாள் பிந்திவிட்டது. ஆறு நாளும் கூரையில்லாத வீட்டுக்குள் அவரவர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சுவர்கள் இன்றும் நிற்கின்றன. நான் ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகிற வழி அதுதான். ஊரில் யாரும் 1853 என்று சொல்ல மாட்டார்கள். “அந்த ஆறு நாள்” என்பார்கள்.

தீவு நீளம் ஐந்து கிலோமீட்டர், அகலம் இரண்டு. மரம் என்று சொல்ல ஒன்பது உண்டு. ஒன்பதும் கிழக்கே படுத்திருக்கின்றன. நம் நாசரேத்துத் தேரிச் செம்மணலில் பனை நிமிர்ந்து நிற்கும் என்று சொன்னால் கிர்ஸ்டியே சிரிக்கிறாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடமாகியும் என் மனைவி நம்பாத விஷயம் அது ஒன்று. இப்போது ஊரில் முப்பத்தெட்டுப் பேர். பள்ளியில் கடைசி இரண்டு பிள்ளைகளும் போனபிறகு அதை மூடவில்லை, “தூங்க வைத்திருக்கிறோம்” என்கிறார்கள். மூடினோம் என்று சொன்னால் இங்கே யாருக்கும் பிடிக்காது. கப்பல்துறையில் யாரும் போய்வருகிறேன் என்றும் சொல்ல மாட்டார்கள். பாதி வழியில் காற்று திருப்பி அனுப்பிவிட்டால் வெட்கமாகப் போய்விடுமாம்.

இன்னொன்று எழுதுகிறேன், குத்துவதற்காக அல்ல. 1936-இல் ஒரு கிழவி இறந்துபோனாள். அடக்கம் செய்யக் குருவானவர் கடலுக்கு அக்கரையிலுள்ள பெருநிலத்திலிருந்து வர வேண்டும். வர முடியவில்லை. பள்ளிக்கூட அறைதான் குளிர்ந்த இடம் என்று பெட்டியை அங்கே வைத்தார்கள். பதினொரு நாள். பிள்ளைகள் தினமும் காலையில் அவளுக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பாடம் படித்தார்கள். இங்கே இறந்தவர்கள் காத்திருப்பார்கள், அண்ணே. வர வேண்டியவன் வரும்வரைக்கும்.

நீங்கள் கேட்ட ஆவணம் இத்துடன் இருக்கிறது. ஹெக்டரின் கப்பல்துறைக் குறிப்பேட்டில் 2013 மார்ச் பக்கத்தின் நகல். இதை முன்பே அனுப்பியிருக்கலாம். என் அண்ணனுக்கு நான் சாட்சி காட்ட வேண்டுமா என்ற வீம்புதான்.

தொண்டை கட்டியிருக்கிறது, ஐந்து வாரமாக. கப்பல் எஞ்சின் அறையில் கத்திக் கத்தியே பிழைத்தவனுக்கு இது பெரிய விஷயமில்லை.

நேசக்குமார்

எண்: தூ/14
தூத்துக்குடி
7-1-2025, செவ்வாய்க்கிழமை, மாலை 4.40

அன்புள்ள தம்பிக்கு,

தீ/13 நேற்று 6-1-2025 அன்று கிடைத்தது. நகலையும் பார்த்தேன். 11, 12, 13, 14, 15 ஆகிய தேதிகளுக்கு எதிரே ஐந்து முறையும் “இல்லை” என்று எழுதியிருக்கிறது. நான்கு நாள் என்று நீ சொன்னாய், எண்ணினால் ஐந்து.

இதைப் பற்றித் தனிக் கடிதமாக விரிவாக எழுத எண்ணியிருக்கிறேன். இப்போது எழுதினால் சரியாக அமையாது.

குத்துவதற்காக அல்ல என்றாய். அதற்கு நன்றி. குத்திற்று. அன்று நாம் தொலைபேசியில் பேசியதை அன்று மாலையே குறித்து வைத்திருக்கிறேன். 12-3-2013 செவ்வாய், முற்பகல் 11.42.

“அண்ணே, காத்து அடிக்கி. கப்பல் விடல. ஐஸ் பொட்டியில வச்சி சனிக்கிழம வரைக்கும் பொறுங்கண்ணே.”

“ஏலே, கோயில்ல சொல்லியாச்சி. நாலு மணின்னா நாலு மணிதாம்லே. எந்த ஊர்லடே காத்துக்குப் பயந்துக்கிட்டு கப்பல் நிக்கி?”

“அப்பம் ஒங்க கடியாரத்தையும் சேத்துப் பொதைங்க. இனி ஒங்க கொரலே எனக்கு வேண்டாம்.”

அடக்கம் 4.00-க்குத் தொடங்கி 4.50-க்கு நிறைவுற்றது. அதன்பின் இன்றுவரை நாம் ஒருவர் குரலை ஒருவர் கேட்கவில்லை. நான் அழைக்கவில்லை; நீ வேண்டாம் என்றதால். நீ அழைக்கவில்லை, நீயே வேண்டாம் என்றதால்.

1936-ஐ அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். ஒரு சந்தேகம்: பதினொரு நாள் என்பது அந்தப் பெண்மணி இறந்த நாளையும் சேர்த்தா, நீக்கியா?

ஐந்து வாரம் தொண்டை கட்டியிருப்பது சரியன்று. அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள். அங்கே கிடைக்காதாகையால் நான் வாங்கி அனுப்புகிறேன். மருத்துவரைப் பார்த்தாயா? பார்த்திருந்தால் எந்தத் தேதியில்?

அன்புடன்,
ஜெயசிங்

எண்: தீ/15
ஓர்வே, 27 ஜனவரி 2025, திங்கள்

அண்ணே,

பதினான்கைத் தேடாதீர்கள். பதினான்கு கிடையாது. மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடுப்பில் போட்டேன். எழுதியதை எரித்தாலும் எழுதியது எழுதியதுதான் என்று இதற்குப் பதினைந்து போட்டேன். உங்கள் தம்பிதானே நான்.

டாக்டரைப் பார்த்த தேதி டிசம்பர் 30. அப்புறம் பெருநில ஆஸ்பத்திரியில் ஜனவரி 9, மறுபடி 20. தொண்டையில் இருப்பது புற்று. குரல்வளை முழுவதையும் எடுக்க வேண்டுமாம். எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு, எடுக்காவிட்டால் இல்லை. எளிமையாகச் சொல்லிவிட்டார்கள். அறுவை பிப்ரவரி 25, செவ்வாய். அதற்கப்புறம் என் குரல் கிடையாது. பிற்பாடு ஏதோ ஒரு கருவி தருவார்களாம். அதில் பேச்சு வரும், ஆனால் அது என் குரலாக இருக்காது.

நான் 21-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக் கப்பலில் போகிறேன், கப்பல் வந்தால். அதற்கு முன்னால் நீங்கள் எனக்குப் போன் போட வேண்டும்.

நானே போட்டேன். உங்கள் பழைய எண்ணுக்கு. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் தமிழில் சொன்னாள். யாரும் தமிழில் என்னிடம் பேசி ரொம்ப நாளாயிற்று. வைத்துவிட்டு மறுபடி இரண்டு தடவை அடித்து அவளையே கேட்டேன். புது எண் இருக்கிறதா, தெரியாது. வேறு யாரையாவது விட்டு உங்களிடம் சொல்லச் சொல்லலாம். யாரோ கையைப் பிடித்து இழுத்துவந்து நீங்கள் பேச வேண்டாம். நீங்களாகப் போட வேண்டும்.

இங்கே எண் அதேதான், உங்கள் டைரியில் இருக்கும். கடிதம் எப்படியும் பிப்ரவரி 10-க்குள் உங்களுக்கு வந்துவிடும். பத்திலிருந்து இருபது வரைக்கும், தினமும் காலை ஒன்பதிலிருந்து பத்துவரை போன் பக்கத்தில் இருப்பேன். உங்களுக்கு மத்தியானம் இரண்டரையிலிருந்து மூன்றரை. பாருங்கள், மணியெல்லாம் திட்டமாகக் கொடுத்திருக்கிறேன்.

கிர்ஸ்டி, “உன் குரலைப் பதிவு செய்து அண்ணனுக்கு அனுப்பு” என்கிறாள். எனக்கு அது வேண்டாம். உங்கள் குரலே எனக்கு வேண்டாம் என்று சொன்னது இந்தக் குரல். சொன்ன குரலாலேயே, நீங்கள் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதி எடுத்தால் எடுத்ததாகாது. எழுதியா சொன்னேன்?

பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். நீங்கள் மணி என்ன என்று கேளுங்கள், நான் சொல்கிறேன். அது போதும்.

நேசக்குமார்

பி.கு.: பதினொரு நாள் என்பது அவள் இறந்த நாளை நீக்கி.

எண்: தூ/15
தூத்துக்குடி
11-2-2025, செவ்வாய்க்கிழமை, காலை 9.15

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று 10-2-2025 திங்கள் பிற்பகல் 12.50-க்கு உன் உறை ஒன்று வந்தது. பின்புறம் தீ/15 என்று எழுதியிருக்கிறாய். தீ/14 இன்னும் வந்து சேரவில்லை. ஒப்பந்தப்படி தீ/15-ஐப் பிரிக்காமல், மேசையின் இரண்டாம் இழுப்பறையில் வேதாகமத்தின் கீழ் வைத்திருக்கிறேன். பதற்றப்பட வேண்டாம், பத்திரமாக இருக்கிறது.

இசக்கிச்செல்வியிடம் விசாரித்தேன். “ஒங்க பதினாலாம் நம்பர வச்சிக்கிட்டு நான் என்ன சார் செய்யப்போறேன்? வெளிநாட்டுக் கடுதாசி இந்தத் தெருவுக்கே ஒங்களுக்கு ஒண்ணுதாம் வருது. வந்தா ஓடியாந்து தந்திர மாட்டனா?” என்றாள். அவள் பொய் சொல்லுகிறவள் அல்லள். ஆயினும் எங்கோ ஓரிடத்தில் அது தங்கியிருக்க வேண்டும். அஞ்சல் அலுவலருக்கு எழுத்து மூலம் முறையீடு கொடுத்திருக்கிறேன், நகல் இணைத்துள்ளேன். உன் தீவில் கப்பல் ஓடாமல் தபால் பை அங்கேயே கிடக்கிறதா என்பதை ஹெக்டரிடம் கேட்டு எழுது.

நீ தீ/14-இல் என்ன எழுதியிருப்பாய் என்று ஊகித்துப் பார்க்கிறேன். மருத்துவரைப் பார்த்த தேதி இருக்கும். 1936-ஆம் ஆண்டுச் சந்தேகத்துக்கு விடை இருக்கும். அதைப் படிக்காமல் அடுத்ததைப் படித்தால் பாதி விளங்காது. தீ/5 செய்த கேடு போதும்.

நான் எழுதுவதாகச் சொன்ன தனிக் கடிதம் இரண்டு வரைவாக இருக்கிறது. இரண்டும் திருப்தியாக இல்லை.

அன்புடன்,
ஜெயசிங்

எண்: தூ/16
தூத்துக்குடி
25-2-2025, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.05

அன்புள்ள தம்பிக்கு,

தீ/14 இன்றும் வரவில்லை. தீ/15 வந்து பதினைந்து நாள் ஆகிறது.

தெருமுனைப் பலசரக்குக் கடை பேச்சிமுத்துவைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். இன்று காலை அதிமதுரம் ஐம்பது கிராம் வாங்கப் போனபோது விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கடையில் நின்றவர்களுக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னார்.

“அண்ணாச்சி, கடுதாசி என்ன முட்டையா, முந்தி ஒடச்சா குஞ்சு செத்துப் போவும்னு? பிரிச்சிப் பாத்துட்டுத் திருப்பி ஒட்டிவச்சிருங்க. ஒங்க தம்பி என்ன சீமையிலருந்து வந்து மோந்தா பாக்கப் போறாவ?”

ஒப்பந்தம் என்றேன்.

“சரி, அப்பம் ஒரு போனப் போட்டுக் கேட்டுருங்க. நம்பர் இருக்குல்லா? இந்தா, எம் போனு.”

நம்பர் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டு டைரியில் ஜூன் மாதப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் தொலைபேசி என்பது நம் இருவருக்குமிடையே முடிந்துபோன ஒன்று என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? நீ வேண்டாம் என்று சொன்ன பின் என் குரலை உன் காதில் கொண்டுவந்து திணிப்பது முறையாகாது. வீட்டில் இருந்த தொலைபேசி இணைப்பையும் 30-6-2021 அன்று ஒப்படைத்துவிட்டேன்.

உன்னிடம் ஒளிப்பானேன்? 20-2-2025 வியாழன் பிற்பகல் 2.45-க்குக் கத்தரிக்கோலை எடுத்தேன். உறை வழக்கத்தைவிடக் கனமாக இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். உன் கையெழுத்தின் நிழல் மட்டும் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. கால் மணி நேரம் அப்படியே இருந்துவிட்டுக் கத்தரிக்கோலை அதன் இடத்தில் வைத்தேன். நீ ஒப்பந்தத்தைக் காக்கும்போது நான் மீறலாகாது.

தொண்டை எப்படி இருக்கிறது?

அன்புடன்,
ஜெயசிங்

எண்: தீ/16
பெருநில ஆஸ்பத்திரி, 6 மார்ச் 2025, வியாழன்

(உறையின் வெளிப்புறம், சிவப்பு மையில்: அண்ணே, 14 கிடையாது. 15-ஐப் பிரித்துப் படித்துவிட்டு இதைப் பிரியுங்கள்.)

அண்ணே,

நான் நன்றாக இருக்கிறேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். கழுத்தில் ஒரு துளை. இனி மூச்சு அதன் வழியாகத்தான். சாப்பாடு இன்னும் குழாயில். எழுதிக் காட்டி எழுதிக் காட்டித் தமிழ் எழுத்துகூடக் கொஞ்சம் திருந்தியிருக்கிறது, பாருங்கள்.

உங்கள் தூ/15-ஐக் கிர்ஸ்டி 3-ஆம் தேதிக் கப்பலில் கொண்டுவந்தாள். வேதாகமத்தின் கீழ் பத்திரமாக இருக்கிறது என்ற வரியைப் படித்துச் சிரித்தேன். சிரிப்புக்கும் சத்தம் வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர் நான் அழுகிறேன் என்று நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

உங்கள் மேல் கோபம் இல்லை. எண்ணைத் தாண்டியது நான். ஒப்பந்தத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. உறைக்கு வெளியே ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. என் அண்ணன் பிரிக்காமல் இருப்பார் என்பது உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

பத்தாம் தேதியிலிருந்து தினமும் உட்கார்ந்தேன். போன் ஒரே ஒரு தடவை அடித்தது, இருபதாம் தேதி ஒன்பதே கால் மணிக்கு. கப்பல் ஆபீஸ். நாளைக்குக் கப்பல் நிச்சயம் உண்டு என்றார்கள். முப்பத்து மூன்று வருடத்தில் அன்று ஒரு நாள்தான் காற்று அடிக்க வேண்டும் என்று ஜெபித்தேன். மறுநாள் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது.

கப்பல்துறைக்கு ஊரே வந்துவிட்டது. போய்வா என்று சொல்லும் வழக்கம் இல்லையே, எல்லோரும் சும்மா நின்றார்கள். கடைசியில் ஹெக்டர், “குமார், உன் பாஷையில் ஏதாவது சொல்லிவிட்டுப் போ, நாங்கள் வைத்துக்கொள்கிறோம்” என்றார். திடீரென்று உங்களை மாதிரியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “நாலு மணின்னா நாலு மணிதாம்லே!” என்று கத்தினேன். கை தட்டினார்கள். ஊரில் நான் பேசியது அதுதான் கடைசி. அர்த்தம் கேட்டார்கள், கப்பல் கிளம்பிவிட்டது.

14-ஆம் தேதி வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள், கப்பல் வந்தால்.

இனி அவசரம் ஒன்றும் இல்லை. மெதுவாக எழுதுங்கள்.

நேசக்குமார்

எண்: தூ/17
தூத்துக்குடி
17-3-2025, திங்கட்கிழமை, மாலை 6.30

அன்புள்ள தம்பிக்கு,

தீ/16 இன்று பிற்பகல் 1.20-க்கு வந்தது. உறையின் வெளியே எழுதியிருந்ததைத் தெருவில் நின்றே படித்தேன். 1.25-க்குத் தீ/15-ஐப் பிரித்தேன். 1.40-க்குத் தீ/16-ஐப் பிரித்தேன். அதன்பின் மணி பார்க்கவில்லை. பார்த்தபோது 3.20.

20-2-2025 பிற்பகல் 2.45-க்கு நான் கத்தரிக்கோலை எடுத்ததாகத் தூ/16-இல் எழுதியிருக்கிறேன். அது உனக்குக் காலை 9.15. அப்போது நீ தொலைபேசியின் பக்கத்தில் இருந்திருக்கிறாய். பிரித்திருந்தால் படிக்க ஐந்து நிமிடம், பேச்சிமுத்து கடைக்கு நடக்க ஆறு நிமிடம். உனக்கு 9.26 ஆகியிருக்கும். இதை வேறு எவ்விதம் எழுதுவது என்று தெரியவில்லை. கணக்காகத்தான் எழுதத் தெரிகிறது.

காது கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பேச்சிமுத்து ஒன்றும் கேலி பேசவில்லை. டைரியைப் பார்த்து அவரே எண்ணை அழுத்தினார்.

“அண்ணாச்சி, மணி அடிக்கி. எடுத்தாச்சி. யாரும் பேசக் காணும். ஆனா ஆள் இருக்கு. பேசுங்க.”

மணி அப்போது 3.40. நீ கொடுத்த கெடு பிப்ரவரி 20-உடன் முடிந்தது. அந்த நேரமும் மூன்றரையுடன் முடிந்தது. ஆனாலும் முதல் மணியிலேயே எடுத்தாய். எத்தனை நாளாக அங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

பன்னிரண்டு ஆண்டும் ஐந்து நாளும் கழித்து என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான், “சரின்னா ஒரு தட்டு தட்டு, தப்புன்னா ரெண்டு தட்டு,” என்றேன். நீ ஒரு தட்டுத் தட்டினாய். கையில் குறிப்பேடு இருந்தது. “1841, முந்நூத்திப் பன்னெண்டு பேரு.” ஒரு தட்டு. “1853, இருவத்தாறு குடும்பம், ஆறு நாளு.” ஒரு தட்டு. “1936, பத்து நாளு.” இரண்டு தட்டு. வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன்; நீதானா என்று தெரிந்துகொள்ள. “பதினொண்ணு, செத்த நாள நீக்கி.” ஒரு தட்டு.

கடையில் இருவர் உளுந்து வாங்க நின்றார்கள். இப்போது அளக்க வேண்டாம் என்று பேச்சிமுத்துவுக்குக் கையைக் காட்டினார்கள்.

“2013 மார்ச், பதினொண்ணாந் தேதியிலருந்து பதினஞ்சாந் தேதி வரைக்கும் கப்பல் இல்ல.” இதற்கும் ஒரு தட்டு வந்தது; மற்றவற்றைவிட மெல்ல.

பிறகு தனிக் கடிதத்தில் எழுத வேண்டியதைச் சொன்னேன். வரைவு இதற்குள் நான்காகியும் அமையாதது இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. “நான் பொறுத்திருக்கணும்டே. தப்பு எம் மேலதாம், என்னிய மன்னிச்சிட்டியா?”

~~அந்த நேரத்தில் இணைப்பு அறுந்துவிட்டது.~~

மேலே ஒரு வரியை எழுதி அடித்திருப்பதைக் காண்பாய். அதைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதியிருக்கலாம். நீ பார்க்க வேண்டும் என்றுதான் விட்டிருக்கிறேன். இணைப்பு அறுபடவில்லை. நான்தான் வைத்தேன். கேட்டு முடித்ததும் ஒன்றா, இரண்டா என்று வருமுன் என் கை தானாகப் பேச்சிமுத்துவின் போனைப் பலகையில் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டது. பேச்சிமுத்து, “என்ன அண்ணாச்சி, கட்டாயிட்டா? திருப்பிப் போடட்டா?” என்றார். ஆமாம், கட்டாகிவிட்டது, வேண்டாம் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். நேரம் 3.47.

ஐந்து நாள் பொறுக்காதவன், இன்று ஐந்து விநாடி பொறுக்கவில்லை. நீ தட்டியிருப்பாய். எதைத் தட்டினாய் என்பது உனக்குத்தான் தெரியும். அந்தத் தட்டு வந்த இடத்தில் நான் இல்லை.

நாளை மறுபடி கடைக்குப் போகலாம். கால் வருமா என்பதற்கு என்னால் உறுதி கூற இயலவில்லை. ஆகவே நமக்குப் பழகிய முறையில் கேட்கிறேன். எழுதிச் சொல்வது சொன்னதாகாது என்பாய். நீ சொன்னது சரிதான். ஆனால் எனக்கு இப்போது அது ஒன்றுதான் மிச்சமிருக்கிறது.

அன்புடன்,
ஜெயசிங்

இத்துடன் இணைப்பு:

1. தீ/14 காணாமற்போனதாக அஞ்சல் அலுவலருக்கு நான் அளித்த முறையீட்டைத் திரும்பப் பெற்றும், இசக்கிச்செல்வியிடம் வருத்தம் தெரிவித்தும் இன்று எழுதிய கடிதத்தின் நகல்: 1 தாள்.

2. “ஓர்வே தீவு: வரலாறும் இயல்பும்”, பக்கம் 64, நகல்: 1 தாள். (“11-3-2013 முதல் 15-3-2013 வரை கப்பல் இல்லை. சரிபார்க்கப்பட்டது.”)

3. அதிமதுரம், 50 கிராம். உனக்கு இனி இது பயன்படாது என்பதை அறிவேன். உனக்கென்று வாங்கியது.

4. என் முகவரி எழுதிய அஞ்சலட்டை: 1. பின்புறம் இரண்டு கட்டங்கள் வரைந்திருக்கிறேன். ஒன்றில் ஒரு புள்ளி, மற்றொன்றில் இரண்டு புள்ளிகள். உரியதில் குறியிட்டு அனுப்பு. எண்: தீ/14 என்று நானே எழுதிவிட்டேன். தேதிக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். கப்பல் வந்தால் போட்டுக்கொள்.